நிறைகுடம் வைக்கும் பருவம்

பருவமும் மேசையும்

வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செப்டெம்பர் முதல் நவம்பர் வரையான மாதங்களில் வீட்டு மேசையின் நடுவே பூசணிக்காயும் கோதுமைக் கதிர்க்கட்டும் உலர்ந்த சோளப்பொத்தியும் பழுத்துச் சிவந்த இலைகளும் அழகுற அடுக்கி வைக்கப்படுகின்றன. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்திருக்கும் அவ்வேளையில், பனி கொட்டும் மாதங்கள் வருமுன், நிலம் தந்தவற்றைக் கண்முன்னே வைத்து மகிழ்வதே அவ்வலங்காரத்தின் உட்பொருளாகும். ஐக்கிய அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையும், கனடாவில் ஒக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமையும் நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடப்படுவதால், அந்நாள்களின் விருந்து மேசையில் இவ்வலங்காரம் தன் முழுப் பொலிவையும் பெறுகின்றது.

அப்பருவத்தைத் தமிழில் இலையுதிர் காலம் என்று வழங்குவர். எனினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் அதே மாதங்களுக்கு அப்பெயர் பொருந்தாது. குடாநாட்டு வேம்பு இலை உதிர்ப்பது மாசி, பங்குனி மாதங்களில். வேலிகளில் நிரையாக நடப்பட்டிருக்கும் கிளுவை கோடை வறட்சியில் வெறுங்கொம்பாக நின்று, புரட்டாசி, ஐப்பசி மழைக்குப் பின்னரே மீண்டும் தழைக்கின்றது. பழந்தமிழ் இலக்கணம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, ஆவணியையும் புரட்டாசியையும் கார் என்றும், ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்றும் பெயரிட்டது. கார் என்பது மழைமுகில் திரளும் பொழுது. கூதிர் என்பது வாடைக்காற்று வீசி, மழை பெய்து, நிலம் குளிரும் பொழுது. இவ்விரு பெயர்களிலும் இலையைப் பற்றிய சொல் இல்லை. நீரைப் பற்றிய நினைவே உண்டு.

மேலைநாட்டு உழவனுக்கு அறுப்பு முடிந்த ஓய்வாக அமையும் இம்மாதங்கள் குடாநாட்டுக் கமக்காரனுக்கு விதைப்பு மாதங்களாகும். அவ்வேறுபாடு மேசையின் நடுவிலும் புலப்படுகின்றது. விளைந்து முடிந்த பொருள்களின் குவியலுக்குப் பதிலாக, இங்கே நீர் நிறைந்த குடமும் அதனைச் சூழ முளைக்கும் விதையும் வைக்கப்படுகின்றன. நிறைகுடம், கும்பம், பூரணகும்பம் என்று பலவாறு அழைக்கப்படும் இவ்வமைப்பை அறிய விரும்பும் ஒருவர், ஆனையிறவிலிருந்து பருத்தித்துறை வரையும், புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரையும், இடத்தையும் காலத்தையும் ஒருசேரக் கடந்து செல்லுதல் வேண்டும். ஏனெனில் அக்குடத்தின் ஒவ்வொரு பொருளும் குடாநாட்டின் ஒவ்வொரு மண்ணிலிருந்து, அதற்குரிய மாதத்தில் வந்து சேர்கின்றது.

தென்மராட்சி: தேங்காயும் பனம்பழமும்

வன்னிப் பெருநிலத்திலிருந்து கண்டி வீதி வழியாக வடக்கே வருபவர் ஆனையிறவின் உப்பளங்களையும் கடனீரேரியையும் கடந்து, பளை, கொடிகாமம், சாவகச்சேரி என்னும் ஊர்களினூடாகத் தென்மராட்சிக்குள் நுழைகின்றார். 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய யாழ்தேவி புகையிரதமும் ஏறத்தாழ இதே வழியிலேயே செல்கின்றது. புரட்டாசியில் இவ்வழியே வருபவரை முதலில் வரவேற்பது ஒரு மணம்: வளவுகளிலும் வெளிகளிலும் நிற்கும் பனைகளிலிருந்து விழுந்து கனிந்து கிடக்கும் பனம்பழத்தின் மணம். ஆடி தொடங்கிப் புரட்டாசி வரை விழும் இப்பழத்தின் களியைப் பிசைந்தெடுத்து, மாவும் சீனியும் சேர்த்துச் சுடுவது பனங்காய்ப் பணியாரம். அக்களியைப் பாயில் மெல்லிய படையாக ஊற்றி வெயிலில் உலர்த்துவது பனாட்டு.

பழம் உண்ணப்பட்ட பின் எஞ்சும் பனங்கொட்டை எறியப்படுவதில்லை. மழை தொடங்கும் காலத்தில் மண்ணை மேடாக்கிய பாத்தியில் அடுக்கி மூடப்படும் கொட்டைகள், மாரி முழுவதும் மண்ணுக்குள் வேரோடி, தையில் கிழங்காகத் தோண்டப்படுகின்றன; அவித்து உலர்த்திய கிழங்கு புழுக்கொடியல் என்றும், அவிக்காது உலர்த்தியது ஒடியல் என்றும் பெயர் பெறும். பழம் விழும் பருவமும் விதை புதைக்கும் பருவமும் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் இவ்வொழுங்கை நோக்குபவருக்கு, குடாநாட்டில் இம்மாதங்கள் ஏன் நிறைவின் காலமாகவும் தொடக்கத்தின் காலமாகவும் ஒருங்கே கருதப்படுகின்றன என்பது விளங்கும். பனையோலையில் இழைத்த கடகமும் பெட்டியும் சுளகும் இப்பருவத்தின் கொள்கலங்கள். பூவும் பழமும் நெல்லும் கோயிலுக்கும் வீட்டுக்கும் இவற்றிலேயே சென்று சேர்ந்தன.

தென்மராட்சியின் மணற்பாங்கான நிலம் தென்னைக்கு உகந்தது. கும்பத்தின் மேல் வைக்கப்படுவது எல்லாத் தேங்காயும் அன்று. நார் முழுவதும் உரிக்கப்படாமல் உச்சியில் குடுமி விடப்பட்ட முடித்தேங்காயே அதற்குத் தகுதியுடையது. கீறலோ வெடிப்போ இல்லாத, குடத்தின் வாயில் சரிந்துவிடாது நிமிர்ந்திருக்கும் அளவுடைய காயைத் தெரிந்தெடுக்கும் கண், கொடிகாமச் சந்தையில் காய் எண்ணும் வியாபாரிக்கும், அதைத் தட்டிப் பார்த்து வாங்கும் இல்லத்தரசிக்கும் ஒருபோல் வாய்த்திருக்கின்றது.

சாவகச்சேரியையும் கைதடியையும் கடந்து நாவற்குழிப் பாலத்தை அடையும்போது, இப்பருவத்தின் துயரமான ஒரு நினைவையும் பயணி எதிர்கொள்ள நேரிடும். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள், ஐப்பசி மழைக்கு நடுவே, போரின் காரணமாக வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இவ்வழியாகவே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். விதைப்புக்குரிய மாதத்தில் வீட்டையும் வயலையும் விட்டுச் சென்ற அம்மக்களுட் பலர் மறு ஆண்டில் ஊர் திரும்பினர். ஒரு செம்பும் ஒரு கைப்பிடி அரிசியும் இருந்தால் எங்கும் வைக்கக்கூடிய எளிமை நிறைகுடத்துக்கு இருப்பதால், இடம்பெயர்ந்த வாழ்விலும் அது மனிதரோடு கூடச் செல்லக்கூடியதாயிற்று.

வலிகாமம்: இலையும் கனியும் பூவும்

நாவற்குழியைக் கடந்து வலிகாமத்தின் செம்மண் நிலத்துக்கு வந்ததும் காட்சி மாறுகின்றது. நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய் ஆகிய ஊர்களின் தோட்டங்களில் வாழை நெருங்கி நிற்கின்றது. குடாநாட்டார் வாழையைப் பொதுப்பெயரால் அறிவதோடு நின்றுவிடுவதில்லை: பூசைத் தட்டத்துக்குக் கதலி, கறிக்கு மொந்தன், விருந்துக்கும் வீட்டுக்கும் இதரையும் கப்பலும் எனப் பயன் அறிந்தே அவற்றை வேறுபடுத்துவர். மேசை அலங்காரத்தில் வாழை மூன்று நிலைகளில் இடம்பெறுகின்றது. நுனி கிழியாத தலைவாழையிலை அடியில் விரிப்பாகின்றது. கதலிச் சீப்பு குடத்தின் அருகே கனியாகின்றது. குலையுடன் கூடிய முழுமரம் படலையின் இருபுறமும் கட்டப்பட்டு வாயிலாகின்றது. படலை என்பது குடாநாட்டு வளவின் வாசற்கதவு. வளவு என்பது வேலியால் சூழப்பட்ட வீட்டு நிலம்.

திருநெல்வேலிச் சந்தையிலும் சுன்னாகச் சந்தையிலும் நவராத்திரிக்கு முந்திய நாள்களில் வாழையிலைக் கட்டுகளும் வெற்றிலைக் கூறுகளும் தேசிக்காய்க் குவியல்களும் விற்பனைக்கு நிறைந்து கிடக்கும். தேசிக்காய் என்பது தமிழகத்தார் எலுமிச்சை எனக் கூறும் காய். மாவிலையை மட்டும் எவரும் விலைகொடுத்து வாங்குவதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு வளவிலும் நிற்கும் மாமரமே அதைத் தருகின்றது. வைகாசி, ஆனி மாதங்களில் கறுத்தக்கொழும்பான் பழத்தைத் தந்து ஓய்ந்த மரம், புரட்டாசியில் இலையைத் தருகின்றது. நுனியும் காம்பும் பழுதுபடாத இலைகள் ஐந்தோ ஏழோ, எப்போதும் ஒற்றைப்படை எண்ணிக்கையில், நுனி வெளிநோக்கக் குடத்தின் வாயில் செருகப்படும்.

பூக்களும் பெரும்பாலும் வளவிலேயே கிடைப்பவை. விடியுமுன் ஓலைப்பெட்டியுடன் வளவைச் சுற்றி வருபவர் செவ்வரத்தை, நந்தியாவட்டை, அலரி, தேமா, நித்தியகல்யாணி ஆகியவற்றைக் கொய்கின்றனர். மழை தொடங்கியதும் இரவில் மலர்ந்து விடியலில் உதிரும் பவளமல்லிகையும் அவற்றோடு சேர்கின்றது. இவற்றுள் பல ஒரு பகல் மட்டுமே வாடாதிருப்பவை. மேலைநாட்டு மேசையின் உலர்ந்த கதிரும் இலையும் கிழமைக்கணக்கில் மாறாமல் இருக்க, குடாநாட்டு அலங்காரம் நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகின்றது. அது ஒரு குறை அன்று. ஒன்பது நாளும் காலையில் பூ மாற்றும் கைவேலையே அங்கு வழிபாடாகவும் மாறுகின்றது.

நிறைகுடத்தின் அமைப்பு

திருமணம், பூப்புனித நீராட்டு, நூல் வெளியீடு, பாடசாலை விழா என எந்த மங்கல நிகழ்வாயினும், குடாநாட்டில் விருந்தினர் முதலில் காண்பது வாயிலருகே வைக்கப்பட்டிருக்கும் மேசையையே. அம்மேசையில் வெள்ளைத்துணி விரித்து, அதன் மேல் தலைவாழையிலை இட்டு, இலையின் நடுவில் நெல்லையோ பச்சையரிசியையோ வட்டமாகப் பரப்பி, அதன் மீது பித்தளை அல்லது செப்புக் குடம் இருத்தப்படும். குடத்தில் நீர் நிறைத்து, மாவிலை செருகி, முடித்தேங்காய் வைத்து, சந்தனமும் குங்குமமும் இடப்படும். இருபுறமும் குத்துவிளக்குகள், முன்னால் மஞ்சளிலோ சாணத்திலோ பிடித்து அறுகம்புல் சூட்டிய பிள்ளையார், ஒரு தட்டத்தில் திருநீறும் சந்தனமும் குங்குமமும், மற்றொன்றில் வெற்றிலை, பாக்கு, பழம், தேசிக்காய், பக்கத்தே நீண்ட கழுத்துடைய பன்னீர்ச்செம்பு. வருபவர் மீது பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து உள்ளே அழைப்பது வரவேற்பு முறை.

இவ்வமைப்பில் கண்ணுக்கு இனிய ஓர் ஒழுங்கும் உண்டு. உயர்ந்த விளக்குகள் இரண்டும் பக்கங்களைத் தாங்க, குடம் நடுவே சற்றுத் தாழ்ந்து, தேங்காயின் குடுமி அதை மீண்டும் மேலே உயர்த்துகின்றது. செம்பின் பொன்னிறமும், இலையின் பச்சையும், துணியின் வெண்மையும், குங்குமத்தின் செம்மையும் ஒன்றையொன்று எடுத்துக் காட்டுகின்றன. எப்பொருளும் அழகுக்காக மட்டும் வைக்கப்படவில்லை; எப்பொருளும் அழகின்றி வைக்கப்படவுமில்லை.

கோயிற் கிரியைகளில் வைக்கப்படும் கும்பத்துக்கு ஆகம மரபு மேலும் ஒரு பொருள் கூறுகின்றது. குடத்தைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றப்படும் நூல் நரம்பாகவும், உள்ளிருக்கும் நீர் குருதியாகவும், தேங்காய் தலையாகவும் கொள்ளப்பட, கும்பம் முழுவதும் தெய்வம் எழுந்தருளும் ஓர் உடலாகின்றது. நல்லூரில் பிறந்து 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலரின் காலத்திலிருந்து, சைவ வழிபாட்டு முறைகள் வினாவிடை வடிவிலும் பாடநூல் வடிவிலும் கற்பிக்கப்பட்டு வந்தமையால், கிரியைகளுக்குப் பொருள் கேட்டு அறியும் வழக்கம் குடாநாட்டு மாணவரிடையே வேரூன்றியது.

மேசைக்கு மேலே கட்டப்படும் தோரணமும் தனிக் கவனத்துக்குரியது. தென்னங்குருத்தை ஈர்க்கிலிருந்து பிரித்து மடித்து, குருவி வடிவம் தோன்றக் கீறிக் கயிற்றில் கோக்கும் இக்கலையில், மங்கல நிகழ்வுக்குரிய தோரணம் வேறு, இறப்பு வீட்டுக்குரிய தோரணம் வேறு. மடிப்பின் எண்ணிக்கையாலும், குருவித் தலை மேல்நோக்குவதா கீழ்நோக்குவதா என்பதாலும் அவை வேறுபடும். எழுத்தறியாதவரும் தெருமுனையிலேயே தோரணத்தைப் பார்த்து, அவ்வீட்டில் நிகழ்வது மகிழ்ச்சியா துயரமா என அறிந்துகொள்வர். ஓலையில் எழுதப்பட்ட அறிவித்தல் என்று அதைக் கூறினும் பொருந்தும்.

கந்தரோடை: குடத்தின் நெடுவரலாறு

சுன்னாகத்துக்கு அருகிலுள்ள கந்தரோடையில், பனைகளுக்கு நடுவே, சுண்ணக்கல்லாலான சிறு தூபிகள் வட்டவட்டமாகக் கூட்டமாய் நிற்கின்றன. போல் ஈ. பீரிஸ் 1910களின் இறுதியில் இங்கு நிகழ்த்திய ஆய்வுகளால் இவ்விடம் அறிஞர் உலகின் கவனத்துக்கு வந்தது. மேசை அலங்காரத்தைத் தேடிச் செல்பவர் இங்கு நின்று சிந்திக்க வேண்டிய காரணம் ஒன்றுண்டு: நிறைகுடம் என்னும் குறியீடு ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதாக என்றும் இருந்ததில்லை. இந்தியாவில் சாஞ்சியிலும் அமராவதியிலும் உள்ள பௌத்தச் சிற்பங்களில் தாமரை பூத்து வழியும் பூரணகும்பம் செதுக்கப்பட்டுள்ளது. அனுராதபுரத்தின் படிவாயில்களில் நிற்கும் காவற்கற்களிலும் அதே குடம் காணப்படுகின்றது. சிங்கள மக்கள் இன்றும் புன்கலச என்னும் பெயரில், குடத்தில் தென்னம்பாளையை விரித்து வைத்து மங்கல நிகழ்வுகளைத் தொடங்குகின்றனர். மாவிலையும் தேங்காயும் வைக்கும் தமிழர் குடமும், பாளை விரிக்கும் சிங்களவர் குடமும், வறண்ட வலயத்தில் நீரை நம்பி வாழ்ந்த மக்கள் நீருக்குக் கொடுத்த ஒரே மதிப்பின் இரு வடிவங்களாகும்.

நிலாவரையும் கீரிமலையும்: குடமாகிய நிலம்

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் வழுக்கியாறு ஒன்றே ஆறு என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் வரை பெய்யும் மழையின் பெரும்பகுதி, வடகீழ்ப் பருவக்காற்று வீசும் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களிலேயே விழுந்துவிடுகின்றது. அந்நீர் துளையுள்ள சுண்ணக்கற் பாறைக்குள் இறங்கி, கடலிலிருந்து உள்ளே ஊறியிருக்கும் உவர்நீரின் மேல், அதனிலும் எடை குறைந்ததாகையால், ஒரு வில்லை போல் மிதந்து நிற்கின்றது. எஞ்சிய மாதங்களின் குடிநீரும், வெங்காயம், மிளகாய், புகையிலை, திராட்சை ஆகிய தோட்டப் பயிர்களுக்கான நீரும் கிணறுகள் வழியாக அவ்வில்லையிலிருந்தே எடுக்கப்படுகின்றன. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலே ஏறும்.

புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணறு இவ்வுண்மையைக் கண்ணாரக் காட்டுகின்றது: அதன் மேற்பகுதியில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் உள்ளன. வடகரையிலுள்ள கீரிமலையிலோ, நிலத்தடியால் வரும் நன்னீர், அலையடிக்கும் கடலுக்குச் சில அடி தொலைவில் கேணியாக ஊறி நிறைகின்றது. இவ்விரு இடங்களையும் பார்த்தபின் வாயில் மேசையிலுள்ள குடத்தை மீண்டும் நோக்குபவருக்கு, அது புதிய பொருளோடு தோன்றும். குறுகிய வாயுடைய ஒரு கலத்தில், மூன்று மாதத்து மழையைப் பிடித்து வைத்து ஆண்டு முழுவதும் வாழும் நிலம் இது. சுண்ணக்கல்லே இங்கு குடம்; மாரியே அதில் ஊற்றப்படும் நீர். மழை வருமுன் வீடுதோறும் நீர் நிறைந்த குடத்தை வைத்து வணங்குவது, இந்நிலம் நிறைய வேண்டும் என்னும் விண்ணப்பத்தின் வடிவமாகவே கொள்ளத்தக்கது.

நல்லூரும் நவராத்திரியும்: முளைக்கும் மேசை

ஆவணி அமாவாசையை ஒட்டி நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் மகோற்சவம் நிறைவுற்றதும், யாழ் நகரம் நவராத்திரியை எதிர்நோக்கத் தொடங்குகின்றது. தமிழகத்தில் நவராத்திரி என்றவுடன் படிப்படியாகப் பொம்மைகள் அடுக்கிய கொலு நினைவுக்கு வரும். குடாநாட்டிலும் கொலு வைப்போர் உளர். ஆயினும் பெரும்பாலான வீடுகளில் நடுநாயகமாக விளங்குவது கும்பமே. சுவாமி அறையிலோ கூடத்திலோ சிறு மேசை அல்லது மணை இட்டு, அகன்ற தட்டிலோ இலையிலோ மண் பரப்பி, அதில் நவதானியம் விதைத்து, நடுவில் கும்பம் வைக்கப்படுகின்றது. நவதானியம் என்பது நெல், கோதுமை, துவரை, பயறு, கடலை, மொச்சை, எள்ளு, உழுந்து, கொள்ளு ஆகிய ஒன்பது. நாள்தோறும் நீர் தெளிக்க, இரண்டு மூன்று நாள்களில் விதை வெடித்து முளை தலைகாட்டும். ஒன்பதாம் நாளில் கும்பத்தின் கழுத்தளவுக்கு இளம்பயிர் எழுந்து நிற்கும். அறைக்குள் வெயில் குறைவாகையால் அம்முளைகள் வெளிறிய மஞ்சள் கலந்த பச்சையாய், விளக்கின் ஒளியில் பொன்னிறமாகத் தோன்றும். முளை செழித்து எழுந்தால் அவ்வாண்டு வீடும் விளைவும் செழிக்கும் என்பது நம்பிக்கை.

உலகின் மேசை அலங்காரங்களுள் பெரும்பாலானவை வைத்த நாளில் அழகாக இருந்து, நாளடைவில் வாடுபவை. நவராத்திரிக் கும்பமோ வைத்த நாளில் வெறும் மண்ணாக இருந்து, நாளுக்கு நாள் அழகு பெறுகின்றது. விதை விதையாகக் கிடந்த முதல் மாலையில், பார்ப்பவர் கண்ணுக்கு அங்கு ஒன்றுமில்லை. பொறுத்திருப்பவருக்கே அது பூரணமாகின்றது. உழவின் ஒழுங்கு முழுவதையும், விதைத்தல், நீர் வார்த்தல், காத்திருத்தல் என்னும் வரிசையில், வயலைக் காணாத நகரத்துக் குழந்தைக்கும் ஒன்பது நாளில் கற்பிக்கும் பள்ளியாகவும் அது அமைகின்றது.

பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் இதே விழா வாணி விழா என்னும் பெயரில் நிகழ்கின்றது. கலைமகளின் படத்துக்கு முன் கும்பமும், அதன் பக்கங்களில் நூல்களும், வீணையும் மிருதங்கமும், தொழிற்கருவிகளும் அடுக்கப்படும். பூசை முடிந்ததும் அவலும் கடலையும் வாழைப்பழமும் பகிரப்படும். குடாநாட்டில் வளர்ந்தவருக்கு அவலில் கலந்த சர்க்கரையின் மணம் புரட்டாசியின் மணமாகவே நினைவில் தங்கும். பத்தாம் நாளாகிய விசயதசமியில் சிறு குழந்தைகளுக்கு ஏடு தொடக்கப்படுகின்றது: தட்டத்தில் பரப்பிய அரிசியில், பெரியவர் குழந்தையின் விரலைப் பிடித்து முதலெழுத்தை எழுதுவிப்பர். குடத்துக்கு அடியில் பீடமாக இருக்கும் அரிசி இங்கு எழுதும் பலகையாகின்றது. அன்று நல்லூர் உள்ளிட்ட கோயில்களில் மானம்பூ உற்சவம் நிகழும். அசுரனின் வடிவாக நாட்டப்பட்ட வாழையை வாளால் வெட்டுவது அதன் முதன்மைச் சடங்கு. வீட்டில் கனியாகவும் இலையாகவும் இருந்த வாழை, கோயில் வீதியில் வீழ்த்தப்படும் தீமையின் உருவாகவும் நிற்பது, ஒரே பொருளைப் பல பொருளோடு நோக்கும் மரபின் ஆழத்தைக் காட்டுகின்றது.

வடமராட்சியும் கார்த்திகையும்: வெளியே வரும் விளக்கு

புரட்டாசியில் வடமராட்சியின் மணல்வெளியிலுள்ள வல்லிபுர ஆழ்வார் கோயிலில் திருவிழா நடைபெற்று, கடலில் தீர்த்தமாடுதலோடு நிறைவுறும். கேதார கௌரி விரதம் 21 நாள் நோற்கப்பட்டு, ஐப்பசியில் தீபாவளியை ஒட்டிய அமாவாசையில் காப்புக் கட்டப்படும். அதைத் தொடர்ந்து கந்தசட்டியின் ஆறு நாள் விரதமும் சூரன் போரும் வரும். இதற்குள் மழை இறங்கிவிடும். ஒழுங்கைகளில் நீர் தேங்கும். மழைக்கு முன் புழுதியில் விதைத்த நெல் தாழ்நில வயல்களில் பச்சைப் பாயாக விரியும். குடாநாட்டு வயல்களில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறையே, மழையை நம்பிக் காலபோகமாக நெல் விளைவிக்கப்படுவதால், இவ்விதைப்பு தவறினால் அவ்வாண்டு வயலுக்கு மறு வாய்ப்பு இல்லை.

கார்த்திகை மாதத்தில் வேலிகளில் படர்ந்து செம்மஞ்சள் இதழ்களைத் தீச்சுடர் போல் மேல்நோக்கி வளைத்து மலர்வது காந்தள். ஊரார் அதைக் கார்த்திகைப்பூ என்பர். கோடை முழுவதும் கிழங்காக மண்ணுக்குள் உறங்கி, மழை விழுந்ததும் எழுந்து வரும் இக்கொடி, கொல்சிசின் என்னும் நச்சுப் பொருளைக் கொண்டது. தமிழ்நாட்டின் மாநில மலராகிய இதனைத் தமிழீழ விடுதலைப் புலிகள் தமது தேசியப் பூவாக அறிவித்தனர். ஆகவே நவம்பர் மாதத்தில் மாண்டோரை நினைவுகூரும் இடங்களில் இம்மலரின் உருவம் ஆழ்ந்த துயரத்தின் அடையாளமாகவும் விளங்குகின்றது. பருவத்தின் பூ ஒன்று ஒரு மக்களின் நினைவாக மாறுவதற்கு, அது பூக்கும் மாதமே வழி அமைத்தது.

திருக்கார்த்திகை நாளில் கோயில்களில் ஓலையால் அமைத்த சொக்கப்பானை எரிக்கப்படும். வீடுகளில் நிகழ்வது விளக்கீடு எனப்படும். அன்று அலங்காரம் மேசையை விட்டு வெளியே வருகின்றது. வாழைக் குற்றியைப் படலையின் முன் நாட்டி, அதன் தலையில் சிட்டியையோ பாதித் தேங்காயையோ வைத்து எண்ணெய் ஊற்றி விளக்கேற்றுவர். சிறுவர் எண்ணெய்த் துணி சுற்றிய தடிகளை வளவின் மூலைகளிலும் கிணற்றடியிலும் தோட்டத்திலும் நாட்டுவர். குலை தந்து முடிந்த வாழையின் தண்டும், உண்ணும் தேங்காயும், எரியும் எண்ணெயும் சேர்ந்து, கும்பத்தில் கூடியிருந்த பொருள்களே மழை நனைத்த இருளில் வேறு வடிவில் மீண்டும் தோன்றுகின்றன. புரட்டாசியில் வீட்டின் நடுவில் தொடங்கியது கார்த்திகையில் வளவின் எல்லை வரை பரவிவிடுகின்றது.

மேசையில் இரண்டு ஆண்டுகள்

இன்று டொரொன்டோவிலும் அதன் அயல் நகரங்களிலும் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில், ஒக்டோபர் மாதத்தில் வாயிலருகே பூசணிக்காயும் சுவாமி அறையில் நவராத்திரிக் கும்பமும் ஒருங்கே இருப்பதைக் காணலாம். கனடிய மண்ணில் அறுப்பைக் குறிக்கும் பொருளும், குடாநாட்டில் விதைப்பைக் குறிக்கும் பொருளும் ஒரே கூரையின் கீழ் அமைதியாக இணைந்திருக்கின்றன. வெளியே இலை உதிர்ந்து நிலம் உறங்கப் போகும் அதே நாளில், உள்ளே தட்டிலுள்ள பயறு முளைக்கின்றது. அம்முளைக்கு அங்குள்ள வயல் காத்திருக்கவில்லை. எனினும் அதை விதைத்த கையின் நினைவில் ஒரு வயல் இருக்கின்றது.

விசயதசமி கழிந்ததும் கும்பம் கலைக்கப்படும். நீர் வீட்டைச் சுற்றித் தெளிக்கப்படும். தேங்காய் அடுக்களைக்குச் செல்லும். முளைகள் நீர்நிலையிலோ தோட்டத்து மண்ணிலோ சேர்க்கப்படும். எதுவும் வீணாவதில்லை. தையில் வயல் அறுக்கப்பட்டு, தைப்பூசத்தன்று புது அரிசியைப் பொங்கி உண்ணும் புதிர் என்னும் வழக்கத்தோடு அவ்விளைவு வீட்டுக்குள் வந்து சேரும். அதன் ஒரு பகுதியே அடுத்த புரட்டாசியில் குடத்தின் அடியில் பரப்பப்படும்.

ஆகவே குடாநாட்டு மேசையின் நடுவில் அறுவடையும் உண்டு. அது அலங்காரமாகக் குவிக்கப்படாமல், குடத்துக்கு அடியில் பீடமாகத் தாங்கி நிற்கின்றது. அடியிலுள்ள நெல் சென்ற மாரியின் விளைவு. சூழ எழும் முளை வரும் மாரிக்கான விதை. இரண்டுக்கும் நடுவில், இன்னும் பெய்யாத மழையின் முன்படியாக, குடத்தில் நீர் நிறைந்திருக்கின்றது.